நிலவு சொன்ன நேரத்துக்கு நீர் வரவில்லை

வாஷிங்டன் நகரத்துப் படகுத்துறைகளில் குளிர்காலத்தில் அவ்வப்போது ஒரு விந்தை நடக்கும். காலை பத்து மணிக்கு நீர் ஏற்றம் என்று ஓத அட்டவணை சொல்லும். பத்து மணிக்குத் துறைக்குப் போய்ப் பார்த்தால் நீரைக் காணோம். மிதக்க வேண்டிய படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும். கரையோரம் நெடுநாளாகத் தண்ணீருக்குள் கிடந்த பழைய சங்கிலிகளும் டயர்களும் வெயில் காயும். வெயில் என்பதுதான் இதில் வேடிக்கை. வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும். புயல் இல்லை, மழை இல்லை, ஆற்றின் மேல்பகுதியில் வறட்சியும் இல்லை. வடமேற்கிலிருந்து முகத்தை அறுக்கும் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

அட்டவணையை அச்சிட்டவர்கள் தவறு செய்துவிட்டார்களா? இல்லை. நிலவும் சூரியனும் அன்று செய்யவேண்டியதைச் சரியாகவே செய்தன. இந்த ஆற்றில் குளிர்காலம் வந்துவிட்டால் அவற்றின் பேச்சு எடுபடுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஆற்றைப் பார்த்துவிடுவோம். போட்டோமாக், அப்பலாச்சியன் மலைகளில் பிறந்து வரும் நதி. வாஷிங்டனின் விளிம்பில் லிட்டில் ஃபால்ஸ் என்ற பாறைப் பகுதியைத் தாண்டியதும் அதன் குணம் மாறிவிடுகிறது. அங்கிருந்து செஸபீக் விரிகுடாவில் கலக்கும் பாயிண்ட் லுக்அவுட் வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தூரத்துக்கு அதன் நீர்மட்டம் கடல்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்டதை ஓத ஆறு என்று சொல்லலாம். நாளுக்கு இருமுறை நீர் மேல்நோக்கி ஓடும், இருமுறை கீழ்நோக்கி ஓடும். முகத்துவாரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 40 சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. ஆறு குறுகிக்கொண்டே போவதால் ஓத அலை நெருக்கப்பட்டு உயர்ந்து, வாஷிங்டனில் ஏறக்குறைய 85 சென்டிமீட்டராகிவிடுகிறது. கடலிலிருந்து எவ்வளவோ தள்ளி இருக்கும் நகரத்தில் ஓதம் முகத்துவாரத்தைவிடப் பெரிதாக இருப்பதே பலருக்கு நம்பமுடியாத செய்தி.

அட்டவணை எப்படித் தயாராகிறது என்பது தெரிந்தால்தான் அது எங்கே கைவிடுகிறது என்பது புரியும். நிலவு பூமியைச் சுற்றும் பாதை நேர்த்தியான வட்டம் இல்லை; சாய்ந்திருக்கிறது, நெருங்கி விலகுகிறது. சூரியனுக்கும் தனி இழுப்பு உண்டு. இவை எல்லாவற்றையும் தனித்தனித் தாளங்களாகப் பிரித்துவிடலாம் என்பது 19ஆம் நூற்றாண்டில் தெளிவானது. நிலவின் முக்கியத் தாளம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை; சூரியனுடையது 12 மணிக்கு ஒருமுறை; இன்னும் பல. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு தாளத்துக்கும் எவ்வளவு வலு என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் அடுத்த ஆண்டின் ஓதம் கிடைத்துவிடும். 1870களில் கெல்வின் பிரபு இந்தக் கூட்டலைச் செய்யப் பற்சக்கரங்களால் ஆன ஓர் எந்திரத்தை உருவாக்கினார். அமெரிக்காவில் 1910 முதல் 1965 வரை வேலை பார்த்த இரண்டாம் ஓத எந்திரம் 37 தாளங்களைக் கூட்டியது. நீளம் 3 மீட்டருக்கு மேல், எடை ஒரு டன்னுக்கு மேல். அதற்கு வைத்திருந்த செல்லப்பெயர் ‘கிழட்டுப் பித்தளை மூளை’. இன்று கணினி அந்த வேலையைச் செய்கிறது. தாளங்களின் எண்ணிக்கை இன்றும் 37தான்.

அந்த 37இல் இரண்டு விசித்திரமானவை. ஒன்றுக்குக் காலம் ஓராண்டு, மற்றதற்கு அரையாண்டு. இவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது நிலவோ சூரியனின் இழுப்போ இல்லை, பருவநிலை. கோடையில் நீர் சூடாகி விரிகிறது, பருவத்துக்கேற்பக் காற்றும் மாறுகிறது. செஸபீக் பகுதியில் இலையுதிர்காலத் தொடக்கத்தில் நீர்மட்டம் சராசரியாக உயர்ந்தும் ஜனவரி, பிப்ரவரியில் தாழ்ந்தும் இருக்கும். அதையும் அட்டவணைக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆகவே சராசரி ஜனவரி எப்படி இருக்கும் என்பது அட்டவணைக்குத் தெரியும். இந்த ஜனவரியின் இந்தச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது? கனடாவின் பனிவெளிகளில் உறைந்து கனத்த காற்றுத்திரள் ஒன்று தென்கிழக்கே நகர்ந்து வருகிறது. அதன் முன்விளிம்பைக் குளிர்முகப்பு என்கிறோம். முகப்பு கடக்கும்போது மழையோ பனியோ சிறிது பெய்யும். கடந்ததும் மேகம் கலைந்துவிடும், காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடும். வானம் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் உலர்ந்த அந்தக் கனடாக் காற்று. நீர் காணாமல் போவதற்குக் காரணமும் அதுவே.

காற்று நீரின் மேல் உராய்ந்து அதைத் தன்னோடு இழுக்கிறது. காபியை டம்ளரில் வைத்து ஊதினால் மேல்பரப்பில் சிறு சலனம்தான் தெரியும். அகலமான டபராவில் ஊற்றி ஊதிப் பாருங்கள், எதிர்ப்பக்கம் போய் ஒதுங்கும். செஸபீக் விரிகுடா ஒரு டபரா: வடக்கு தெற்காக 300 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழமோ ஆறரை மீட்டர்தான். தள்ளப்பட்ட நீர் சாய்ந்து நின்று, அந்தச் சாய்வின் எடையால் திரும்பித் தள்ளினால்தான் காற்றுக்கு ஈடுகொடுக்க முடியும். ஆழமான கடலில் திரும்பித் தள்ள ஏராளமான நீர் இருப்பதால் துளிச் சாய்வு போதும். ஆழமில்லாத இடத்தில் அதே காற்றைச் சமாளிக்கச் சாய்வு பல மடங்கு வேண்டியிருக்கிறது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. விரிகுடாவின் தெற்கு வாய் அட்லாண்டிக்கில் திறந்திருக்கிறது. அங்கே வந்து குவியும் நீர் கடலுக்குள் வழிந்துவிடும். கடலின் மட்டத்தை ஒரு விரிகுடாவின் நீர் உயர்த்திவிட முடியாது. தெற்கு முனை உயர மாட்டேன் என்றால் சாய்வு முழுவதையும் வடக்கு முனைதான் இறங்கிக் காட்டவேண்டும். விரிகுடாவின் நடுப்பகுதியில் வந்து சேரும் போட்டோமாக்குக்கு வேறு வழியில்லை. வாசலில் மட்டம் தாழ்ந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். போதாக்குறைக்கு ஆற்றின் கீழ்ப்பகுதி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவே கிடக்கிறது; காற்றும் அதே திசையில் வீசி, மிச்ச நீரையும் நெட்டித் தள்ளுகிறது. குளிர்முகப்புக்குப் பின்னால் வரும் கனத்த காற்றின் அழுத்தமும் தன் பங்குக்கு நீரை அமுக்குகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழும் என்பது பொதுக்கணக்கு. விரிகுடாவுக்குள் அந்தக் கணக்கு முழுதாகவும் உடனடியாகவும் நிறைவேறாது என்றாலும் திசை அதுதான்.

இப்படி நீர் ஓட்டமாய் ஓடிவிடுவதை அங்குள்ள படகுக்காரர்கள் ‘ப்ளோஅவுட் டைட்’ என்கிறார்கள். நாம் காற்றுவற்றம் என்று வைத்துக்கொள்வோம். மட்டம் அட்டவணை சொன்னதைவிட அரை மீட்டர் தாழ்ந்துவிடும். காற்று கடுமையாக நீடித்தால் அதற்கு மேலும் தாழும். முழு ஓத வீச்சே 85 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்தால், அட்டவணையின் ஏற்றம் ஏன் சேறாக மாறியது என்பது விளங்கும்.

வடகிழக்கிலிருந்து புயற்காற்று வீசும் நாட்களில் கதை தலைகீழ். அட்லாண்டிக் கரையோரம் நீர் குவிந்து, விரிகுடாவின் வாயில் மட்டம் உயர்ந்து, ஆற்று நீர் வெளியேற முடியாமல் தேங்கும். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள அலெக்சாண்ட்ரியாவில் கிங் தெருவின் ஆற்றோர முனைக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

இதெல்லாம் காற்றின் வேலை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? வாஷிங்டன் ஆற்றோரத்தில் ஓர் ஓதமானி இருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பதிவுசெய்கிறது. பதிவிலிருந்து அட்டவணை எண்ணைக் கழித்தால் கிடைப்பது எச்சம். நிலவுக் கணக்கில் பிழை இருந்தால் எச்சத்திலும் பன்னிரண்டு மணித் தாளம் தெரியவேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை. வானிலை வரைபடத்தில் முகப்புகள் கடக்கும் நாட்களோடு சேர்ந்து அது ஏறி இறங்குகிறது. 1978இல் டாங்-பிங் வாங், ஆலன் எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் விரிகுடாவிலும் போட்டோமாக்கிலும் இரண்டு மாதப் பதிவுகளை எடுத்து இந்த எச்சத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். கிடைத்த விடை எதிர்பாராதது. ஆற்றின் மெதுவான ஏற்ற இறக்கங்களை நடத்துவது ஆற்றின் மேல் வீசும் காற்று மட்டுமல்ல, பெருமளவில் விரிகுடாவே. விரிகுடாவின் மிகப்பெரிய அசைவுக்கு, ஏறத்தாழ இருபது நாள் காலம் கொண்ட அசைவுக்கு, வேர் இன்னும் தொலைவில் இருந்தது: அட்லாண்டிக் கரையை ஒட்டி வீசும் காற்று. இரண்டரை நாள் காலம் கொண்ட வேறோர் அசைவு, நீளவாட்டில் வீசும் காற்றால் விரிகுடா முழுதும் தளும்புவதிலிருந்து வந்தது. துறையில் நின்று கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

இன்று அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனமான நோவா, காற்றையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு விரிகுடாவுக்கு 48 மணிநேர முன்கணிப்பு தருகிறது. குளிர்காலத்தில் அட்டவணையைப் பார்ப்பவர் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழமும் ஏமாற்றும். அது தினசரி வற்றங்களில் தாழ்ந்ததை மட்டும் எடுத்து 19 ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்து, அந்த மட்டத்திலிருந்து அளந்த ஆழம். சராசரி என்றாலே அதற்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. காற்றுவற்றத்தின்போது ‘இரண்டு மீட்டர்’ என்று படம் காட்டும் வாய்க்காலில் ஒன்றரைகூட இல்லாமல் போகலாம்.

காற்று நீரைக் கொண்டுபோவதோடு நிற்பதில்லை. தேசிய வானிலைப் பணியகம் இந்த ஓத ஆற்றை மூன்று துண்டாகப் பிரித்து முன்னறிவிப்பு தருகிறது. காற்று 18 நாட், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்றால் சிறுபடகு எச்சரிக்கை, 34 நாட் என்றால் கடுங்காற்று எச்சரிக்கை. படகோட்டிகளின் அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது: ஏப்ரலில் 18 நாட் என்று அறிவித்தால் ஆற்றில் அவ்வளவு இருக்காது, டிசம்பரில் அறிவித்தால் அதற்கு மேலேயே இருக்கும். இது மனப்பிரமை இல்லை. காற்றின் வேகம் உயரே போகப்போகக் கூடும். தரையை ஒட்டிய அடுக்கு உராய்வால் மெதுவாகிவிடும். வசந்தத்தில் நீர் குளிர்ந்தும் காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், நீரை ஒட்டிய காற்றடுக்கு குளிர்ந்து கனத்து அப்படியே படிந்து கிடக்கும். மேலே விரையும் காற்று அதைத் தொடாமல் கடந்துவிடும். குளிர்கால முற்பாதியில் எல்லாம் மாறுகிறது. நீர் கோடை வெப்பத்தின் மிச்சத்தை இன்னும் வைத்திருக்கிறது. அதன் மேல் உறைகுளிர்க் காற்று வருகிறது. நீரைத் தொட்ட காற்று சூடாகி எழ, அதன் இடத்துக்கு மேலிருந்து வேகமான காற்று இறங்கி வந்து அறைகிறது. இதுதான் சுழற்றியடிக்கும் வீச்சு. கடுங்குளிர்க் காலைகளில் ஆற்றின்மேல் வெண்புகை சுருள்சுருளாக எழுவதைப் பார்த்தால், இந்த மேல்கீழ்ப் புரட்டல் கண்ணுக்கே தெரியும். தவிர, குளிர்ந்த காற்று கனமானது. உறைநிலையில் உள்ள காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு அடர்த்தி கூடியது. அதே வேகத்தில் பாயையும் படகையும் அவ்வளவு கூடுதலாகத் தள்ளும்.

கீழ்ப் போட்டோமாக்கில் ஆறு பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. முகத்துவாரத்தில் 17 கிலோமீட்டருக்கும் மேல். வடமேற்குக் காற்றுக்குத் தடையில்லாத நீண்ட ஓட்டம் அங்கே கிடைக்கிறது. அது அலை எழுப்பும். ஆனாலும் வற்று நீரோட்டம் காற்றோடு சேர்ந்து கீழே போகும்வரை படகு ஒருவாறு தாக்குப்பிடிக்கும். ஓதம் திரும்பி நீரோட்டம் காற்றை எதிர்க்கத் தொடங்கியதும் ஆற்றின் முகம் மாறிவிடும். எதிரோட்டம் அலைகளை நெருக்குகிறது. நீளம் சுருங்க உயரம் கூடுகிறது. முன்சரிவு செங்குத்தாகி உடைகிறது. காற்றின் வேகம் கொஞ்சமும் மாறாமலே, மதியம் போக முடிந்த வழியில் மூன்று மணிக்குத் திரும்ப முடியாமல் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஓத அட்டவணைதான் உதவிக்கு வரும், அதுவும் நேரத்தைத் தோராயமாகத்தான் சொல்லும்.

தவறி விழுந்தால்? 1982 ஜனவரி 13 அன்று, பனிப்பொழிவுக்கிடையே வாஷிங்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஏர் ஃப்ளோரிடா விமானம் 14ஆம் தெருப் பாலத்தில் மோதி, பனிக்கட்டி மூடிய போட்டோமாக்கில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் பிழைத்தவர்கள் ஐவர். ஹெலிகாப்டர் வந்து கயிறு வீசியபோது உயிரோடு இருந்தவர்களுக்கும் அதைப் பிடித்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. கை நழுவவிட்ட ஒரு பெண்ணைக் கரையில் நின்றவர் குதித்து நீந்தி மீட்டார். தனக்கு வந்த கயிற்றைப் பிறருக்குக் கொடுத்து மூழ்கிய ஆர்லண்ட் வில்லியம்ஸின் பெயரைப் பாலத்தின் ஒரு பகுதி இன்று தாங்கியிருக்கிறது. விரல் ஏன் மடங்கவில்லை என்பதற்கு உடலியலில் விடை உண்டு. குளிர்நீர் ஆய்வாளரான கனடாப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் அதை ஒன்று-பத்து-ஒன்று என்று சுருக்கிச் சொல்வார். முதல் ஒரு நிமிடம் தோலில் குளிர் அறைந்ததும் மூச்சு தாறுமாறாகும். அப்போது வாய் நீருக்கடியில் இருந்தால் அதோடு முடிந்தது. அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னதைக் கேட்கும்; அதன் பிறகு தசையும் நரம்பும் குளிர்ந்து, முடிச்சு போடவோ ஏணி ஏறவோ இயலாது. உடல்வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஒரு மணிநேரம் ஆகும். குளிர்நீரில் சாவு என்றால் விறைத்துச் சாவது என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். விறைக்கும்வரை மிதந்திருக்க முடிந்தவர்களுக்குத்தான் அது. மிதவைச் சட்டை போடாதவர் முதல் இரண்டு கட்டத்திலேயே போய்விடுவார். மார்ச் மாத வெயிலில் அரைக்கைச் சட்டையோடு படகேறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், ஆறு இன்னும் ஜனவரியை மறந்திருக்காது.

கடைசியாகப் பனிக்கட்டி. ஓத ஆறு என்றாலும் வாஷிங்டனை ஒட்டிய மேல்பகுதி நன்னீர்தான். உப்பு கீழே போகப்போகத்தான் ஏறும். நன்னீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாகிக் கீழே இறங்கும், அதற்கும் குளிர்ந்தது மேலே மிதந்து உறையும். காற்று அடிக்கும்வரை ஆறு கலங்கிக்கொண்டே இருப்பதால் இந்த அடுக்கு அமைவதில்லை. கனடாவிலிருந்து வந்த காற்றுத்திரளின் மையம் தலைக்கு மேல் வந்து நிற்கும் இரவில் காற்று ஓய்கிறது, மேகமில்லாத வானத்துக்கு வெப்பம் ஓடுகிறது, ஆறு தாழ்ந்த மட்டத்திலேயே உறையத் தொடங்குகிறது. 1977 குளிர்காலத்தில் இப்படி உறைந்து உறைந்து விரிகுடாவின் பெரும்பகுதியே பனிக்கட்டியால் மூடிப்போயிற்று.

தள்ளிவிடக் காற்று இல்லாத அந்த இரவுகளில் போன நீர் திரும்பி வருகிறது; சில சமயம் தளும்பி, இருக்கவேண்டிய மட்டத்தையும் தாண்டி. துறையின் மரத்தூண்களைச் சுற்றி இறுகியிருக்கும் பனிக்கட்டியை அடியிலிருந்து நீர் உயர்த்தும்போது, பனிக்கட்டி தூணையும் சேர்த்துச் சேற்றிலிருந்து பிடுங்கும். ஒரு விரற்கடை எழும்பினாலும் கீழே உண்டான வெற்றிடத்தைச் சேறு நிரப்பிவிடும். தூண் பழைய இடத்துக்கு இறங்காது. அடுத்த குளிர்முகப்பில் இன்னொரு விரற்கடை. இதைத் தடுக்கத் துறைக்காரர்கள் ஆற்றடியில் குழாய் போட்டுக் காற்றுக்குமிழி விடுவார்கள். அடியிலுள்ள சற்றே வெதுவெதுப்பான நீர் மேலே வந்து தூணைச் சுற்றி உறையாமல் காக்கும். ஆழமான ஏரிகளில் இந்த உத்தி அருமையாக வேலை செய்கிறது. நாளுக்கு நான்குமுறை திசை மாறிக் கலங்கும் ஆழமற்ற ஆற்றில் அடிநீரும் மேல்நீரும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருப்பதால் பாதிதான் பலிக்கும். அதனால் பழைய துறைகளில் தூண்கள் ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாமல் நிற்கின்றன. மேலே போட்ட பலகையை வசந்தத்தில் கழற்றி, தூணின் தலையை அறுத்துச் சமப்படுத்தி, மறுபடி ஆணி அடிக்கிறார்கள்.